மறுப்புக்குப் பிறகு

இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற, இன்சுலின் போடுகிற செவிலியருக்கு எந்த வீட்டுக்குள்ளும் நுழையச் சட்ட உரிமை கிடையாது. வீட்டுக்காரர் வரச் சொன்னால் போகலாம். போகச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேலும் நின்றால் அத்துமீறல். லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன் 1859இல், தம் மனைவியின் கடைசி நாட்களில் உடனிருந்த செவிலியரையே ஊர் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது இந்த டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் பணி. இன்றுவரை வாசலில் செவிலியரின் நிலை அதேதான். பெரும்பாலான வீடுகளில் இது ஒரு பிரச்சினையே அல்ல; எதிர்பார்த்துக் காத்திருந்து கதவைத் திறப்பவர்களே அதிகம். தன்னைப் பேணுவதை விட்டுவிட்ட ஒருவரின் வாசலில்தான் சிக்கல் எழுகிறது. அவர் குளித்து மாதங்களாகியிருக்கும். மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடக்கும். செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். காலில் ஆறாத புண். ஆனால் மனிதர் நிதானமாக, மரியாதையாகவே சொல்வார்: வேண்டாம், நன்றி, போய்வாருங்கள். அங்கே செவிலியருக்கு என்ன கடமை மிஞ்சுகிறது? 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று எழுதிவைத்தால் தன் பொறுப்பு தீர்ந்தது என்ற நம்பிக்கை அந்தத் தொழிலில் ஊறிக்கிடக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது என் வாதம். மறுப்பு வந்த பிறகுதான் சட்டம் செவிலியருக்கு வேலையே கொடுக்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய நேரத்தைத்தான் அரசு கொடுக்கவில்லை.

பழைய சட்டத்துக்கு இத்தனை தயக்கம் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டத்தில் 47ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கடும் நாள்பட்ட நோயில் கிடப்பவர், அல்லது முதுமையாலோ உடல் முடியாமையாலோ சுகாதாரமற்ற சூழலில் வாழ்பவர், தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமலும் கவனிக்க ஆளில்லாமலும் இருந்தால், மருத்துவ அதிகாரியின் சான்றை வைத்து மாஜிஸ்திரேட்டிடம் ஆணை வாங்கி அவரை மருத்துவமனைக்கோ விடுதிக்கோ கொண்டுபோய்விடலாம். மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம். 1951இல் வந்த திருத்தம், அவசரமென்றால் முன்னறிவிப்பே இல்லாமல் மூன்று வாரத்துக்குக் கொண்டுபோக வழி செய்தது. தன் நிலைமை அவருக்குப் புரிகிறதா, புரிந்துதான் இப்படி இருக்கிறாரா என்று அந்தப் பிரிவு ஓரிடத்திலும் கேட்கவில்லை. அழுக்கும் இயலாமையும் இருந்தால் போதும். இப்படி வாழ்பவர் ஒன்று பஞ்சைப் பராரியாக இருப்பார், இல்லை புத்தி பேதலித்தவராக இருப்பார் என்பதே அதன் அடியில் கிடந்த நினைப்பு.

அந்த நினைப்பை உடைத்தது 1975இல் லான்செட் இதழில் கிளார்க், மன்கிகர், கிரே ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு. வீடும் உடலும் ஒருசேரப் பாழாகிக் கிடந்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த 30 முதியவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். வறுமையோ மோசமான வீடோ அங்கே பெரிய காரணமாக இல்லை. பலர் தொழிலிலும் வணிகத்திலும் நன்றாக வாழ்ந்தவர்கள். பாதிப்பேரிடம் மனநோய்க்கான அறிகுறியே இல்லை. அவர்களின் அறிவுத்திறன் சராசரிக்கு மேலே இருந்தது. அனைவரையும் சமூகசேவைத் துறை முன்பே அறிந்திருந்தது. மூன்றில் ஒருவர் கொடுத்த உதவியையெல்லாம் விடாப்பிடியாக மறுத்தவர். இறப்பு விகிதமோ 46 விழுக்காடு. சுதந்திரவாதிகள் இந்த ஆய்வின் ஒரு பாதியை மேற்கோள் காட்டுவார்கள்: பாதிப்பேர் தெளிவானவர்கள், ஆகவே விட்டுவிடுங்கள். காப்பாற்றத் துடிப்பவர்கள் மறுபாதியைக் காட்டுவார்கள்: ஏறக்குறையச் சரிபாதி செத்துப்போனார்கள், ஆகவே விடாதீர்கள். ஆய்வு சொல்வது இரண்டையும் சேர்த்துத்தான். தெளிவோடு இருக்கிற ஒருவரும் இதனால் சாகலாம். மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டதாலேயே பிழைத்துவிடவும் மாட்டார்.

2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. வயதுவந்த ஒவ்வொருவருக்கும் முடிவெடுக்கும் திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும்; இல்லையென்று சொல்பவர் நிறுவ வேண்டும். நமக்கு மடத்தனமாகத் தெரிகிற முடிவை ஒருவர் எடுத்தார் என்பதற்காகத் திறன் இல்லாதவராக ஆகிவிட மாட்டார். வயதையோ தோற்றத்தையோ பார்த்து அவசர முடிவுக்கு வரக்கூடாது என்றும் அதன் 2ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. சடை விழுந்த தலையும் நாற்றமும் சாட்சியாகா. பிறகு 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் 47ஆம் பிரிவு ஒழிந்தது. அதே சட்டத்தின் கீழ் வந்த அரசு வழிகாட்டி, தன்னைப் பேணாமையையும் வீடு நிறையப் பொருள்களைச் சேர்த்துக் குவிப்பதையும் முதன்முறையாகப் பாதுகாப்புக் கடமைக்குள் கொண்டுவந்தது. 42ஆம் பிரிவின்படி, பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் ஆபத்தில் இருப்பதாகத் தக்க சந்தேகம் இருந்தால் உள்ளாட்சி விசாரித்தாக வேண்டும். அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. 11ஆம் பிரிவோ, ஒருவர் தன் தேவைகளை மதிப்பிட வேண்டாமென்று மறுத்தாலும், புறக்கணிப்பின் ஆபத்தில் இருந்தால் மதிப்பீடு நடந்தே தீர வேண்டும் என்கிறது. 2016இல் வழிகாட்டியைச் சற்றே தளர்த்தி, இத்தகைய ஒவ்வொருவருக்கும் 42ஆம் பிரிவு விசாரணை தேவைப்படாது, ஆளைப் பொறுத்து முடிவுசெய்யலாம் என்றார்கள். அப்படியும் கடமையின் முதுகெலும்பு அப்படியே நிற்கிறது. வலுக்கட்டாயத்தை ஒரு கையால் பிடுங்கிக்கொண்ட சட்டம், விசாரிக்கும் கடமையை மறு கையால் கொடுத்தது.

நடைமுறையில் முதல் பாதியை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். 2014இல் பிரபுக்கள் அவை மனத்திறன் சட்டத்தை மறுஆய்வு செய்தபோது, திறன் உண்டு என்ற தொடக்க அனுமானத்தைப் பராமரிப்புத் துறையினர் பரவலாகத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், தலையிடாமல் இருப்பதற்கும் மோசமான கவனிப்புக்கும் அதைச் சாக்காக்குகிறார்கள் என்று கடிந்துகொண்டது. ஒருவர் இறந்தாலோ பெரும் தீங்குக்கு உள்ளானாலோ, அமைப்புகள் ஒன்றுசேர்ந்து இயங்கவில்லை என்ற ஐயம் இருந்தால், பராமரிப்புச் சட்டப்படி ஒரு மீளாய்வு நடக்க வேண்டும். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை முடிந்த 231 மீளாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அதிகமாகத் தட்டுப்பட்ட வகை அடியோ பணமோசடியோ அல்ல. தன்னைப் பேணாமைதான், 45 விழுக்காடு. இத்தகைய அறிக்கைகளைப் படிப்பவர்களுக்குப் பழகிப்போன வாசகம் ஒன்று உண்டு: 'அவருக்குத் திறன் இருப்பதாகக் கருதப்பட்டது.' யார் கருதினார், என்றைக்கு, எந்த முடிவைப் பற்றி, என்ன கேட்டு? பதில் கோப்பில் இராது.

நீரிழிவு உள்ள எழுபது வயதுக்காரர் ஒருவரின் குதிகாலில் புண் என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று முறை கட்டு மாற்ற வேண்டும். செவிலியர் கேட்கிறார்: கட்டு மாற்றாவிட்டால் என்னவாகும்? 'அழுகும், காலை எடுப்பார்கள், செத்தும் போகலாம்' என்று தயங்காமல் சொல்கிறார். இன்சுலின்? 'தினமும் போட்டுக்கொள்கிறேன்.' பேச்சில் குறையே இல்லை. ஆனால் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் போன மாதம் மருந்துக்கடை ஒட்டிய சீட்டோடு இன்சுலின் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. காலுறை புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. கால் கறுத்தால் உடனே போன் செய்வேன் என்கிறவரின் போன் சார்ஜ் இல்லாமல் எத்தனை நாளாகக் கிடக்கிறதோ. சொல் ஒன்றும் செயல் ஒன்றுமாக இருக்கிற இந்த இடைவெளிக்குப் பல காரணம் இருக்கலாம். வெறும் பொய்யாக இருக்கலாம். வெட்கமாக, மனச்சோர்வாக இருக்கலாம். மூளையின் முன்பகுதியைப் பக்கவாதமோ நெடுங்காலக் குடியோ தொடக்கநிலை மறதிநோயோ அரித்திருக்கவும் கூடும். அப்படி அரித்திருந்தால் பேசுகிற வல்லமை கெடாது. நினைத்ததைத் தக்க நேரத்தில் செய்து முடிக்கிற வல்லமைதான் கெடும். மனத்திறன் சட்டத்தின் 3ஆம் பிரிவு புரிந்துகொள்ளுதல், நினைவில் வைத்தல், எடுத்துச் சொல்லுதல் ஆகிய மூன்றோடு, தெரிந்ததை எடைபோட்டுப் பயன்படுத்துவதையும் கேட்கிறது. நேர்காணலில் முதல் மூன்றும் தேறிவிடும். நான்காவதை வீட்டுக்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும். செயல்வழித் திறன் கெட்டவர்களை வெறும் பேச்சை வைத்து மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம், அன்றாடத்தில் அவர்கள் செய்வதையும் பார்க்க வேண்டும் என்று, சிகிச்சை, பராமரிப்பு வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டியும் எச்சரிக்கிறது. மருத்துவர் தம் அறையில் பத்து நிமிடத்தில் காண முடியாத சான்று வீட்டுக்கு வரும் செவிலியரின் கண் முன்னால் கிடக்கிறது. சட்டம் அவரை முக்கியமானவராக ஆக்குவது இதனால்தான்; கட்டுப் போடும் கைத்திறனால் அல்ல.

திறன் என்பது ஆளுக்கு அடிக்கிற முத்திரையும் அல்ல. இன்றைக்குக் கட்டு மாற்ற மறுப்பது ஒரு முடிவு. வீட்டைச் சுத்தம் செய்ய விடாதது வேறு முடிவு. மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்பது இன்னொன்று. ஒன்றில் தெளிவாக இருப்பவர் மற்றொன்றில் தடுமாறலாம். 2022இல், திறன் இழந்தோர் வழக்குகளைக் கேட்கும் இங்கிலாந்தின் கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன், பொருள்களைக் குவித்து வைத்திருப்பவர் அவற்றைப் பற்றி முடிவெடுக்க என்னென்ன புரிந்திருக்க வேண்டும் என்று தனியாகவே வரையறுத்தது: பொருள்களின் அளவு அறைகளின் பயன்பாட்டை எப்படிக் குறைக்கிறது, நடமாட்டம் பாதுகாப்பாக இருக்கிறதா, குவியலே என்ன ஆபத்துகளை உண்டாக்குகிறது, கட்டடம் தாங்குமா, அபாயகரமான அளவை அகற்றினால் என்ன நேரும். 'இவருக்குத் திறன் உண்டு' என்ற ஒற்றை வரிக்கு இதன் முன்னால் மதிப்பில்லை. நல்ல குறிப்பு வேறு மாதிரி இருக்கும். என்ன ஆபத்தைச் சொன்னோம், எந்த வார்த்தையில் சொன்னோம், அவர் தம் வாயால் என்ன பதில் சொன்னார், பெட்டியில் என்ன இருந்தது, சந்தேகம் வந்ததா, வராவிட்டால் ஏன் வரவில்லை, யாருக்குத் தெரிவித்தோம், அடுத்து எப்போது போகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2015இல் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் சொன்னதும் இங்கே பொருந்தும்: அந்த நோயாளிக்கு முக்கியமான ஆபத்துகளையும், நியாயமான மாற்று வழிகளையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் வேண்டாமென்றால் கிளினிக்கில்? இந்த நர்ஸ் வேண்டாமென்றால் வேறொருவர்? வாரம் மூன்று முறை தொல்லையென்றால் ஒரு முறை? இவற்றைக் கேட்காமல் வாங்கிய மறுப்பு, எதை மறுத்தார் என்றே தெரியாத மறுப்பு.

இதெல்லாம் சுற்றிவளைத்துப் பழைய அதிகாரத்தையே கொண்டுவருவது ஆகாதா என்று கேட்கலாம். ஒருவர் தம் வீட்டில், தம் விருப்பப்படி, அழுக்கோடு வாழவும் சாகவும் உரிமையுள்ளவர். செவிலியர் உளவு பார்க்கிறவர் அல்லர். இந்த ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீதிமன்றங்களே இதன் பக்கம் நின்றிருக்கின்றன. 1993இல் பிராட்மூர் காப்பு மருத்துவமனையில் இருந்த 68 வயதுக்காரர், மனச்சிதைவு உள்ளவர், தம்மை உலகப் புகழ்பெற்ற மருத்துவராகக் கருதிக்கொண்டவர், அழுகிய காலை எடுக்க விடமாட்டேன் என்றார். எடுக்காவிட்டால் பிழைக்க 15 விழுக்காடே வாய்ப்பு என்றார் அறுவை மருத்துவர். நீதிபதி தார்ப் அவர் மறுப்பைச் செல்லுபடியாக்கினார். மனிதர் காலோடும் உயிரோடும் இருந்தார். 2015இல் வை வேலி வழக்கில், இதேபோல் காலை எடுக்க மறுத்த 73 வயதுக்காரருக்குத் திறன் இல்லையென்றே நீதிபதி பீட்டர் ஜாக்சன் முடிவு செய்தார். அப்படியும், காலை எடுப்பது அவர் நலனுக்கு உகந்ததல்ல என்று தீர்ப்பளித்தார். அதற்கு முன் அவர் செய்த காரியம்தான் எனக்கு முக்கியம். மருத்துவமனைக்குப் போய் அந்த மனிதரின் படுக்கையருகே இருந்து பேசினார். இரண்டு வழக்கிலும் மறுப்பு வென்றது. வென்றது, யாரும் கேட்காமல் விட்டதால் அல்ல. தோண்டித் துருவிக் கேட்டதால். கேட்டுப் பார்த்து மதித்த மறுப்பையும், கேட்பதற்குச் சோம்பி விட்டுவந்த மறுப்பையும் சுதந்திரம் என்ற ஒரே பெயரில் அழைப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

இன்னொரு தரப்பு எதிர்த்திசையிலிருந்து வரும்: கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதைவிட, உள்ளே போக அதிகாரம் கொடுத்துவிடலாமே. ஸ்காட்லாந்து 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவரை ஏழு நாள் வரை வேறிடத்துக்குக் கொண்டுபோக ஆணை பெற வழி வைத்திருக்கிறது. வேல்ஸ் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில், உள்ளே சென்று தனியாகப் பேச மட்டும் உள்ளாட்சி அதிகாரிக்கு ஆணை கிடைக்கும். இங்கிலாந்து 2012இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, நுழையும் அதிகாரமே வேண்டாமென்று முடிவெடுத்தது. அங்கே மிஞ்சியிருப்பவை சில்லறை வாசல்கள். உயிரைக் காக்கப் போலீஸ் கதவை உடைக்கலாம். ஆனால் 'நலமாக இருக்கிறாரோ' என்ற கவலை மட்டும் அதற்குப் போதாது என்று 2010இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனநலச் சட்டத்தின் 135ஆம் பிரிவு வாரண்டுக்கு மனக்கோளாறு இருப்பதாகத் தக்க சந்தேகம் வேண்டும். எலியும் நாற்றமும் பக்கத்து வீட்டுக்குத் தொல்லையாகிவிட்டால், 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் உள்ளாட்சியை உள்ளே விடும். குப்பைக்காக நுழைய முடிகிற வீட்டுக்குள் மனிதருக்காக நுழைய முடியவில்லை என்பது அந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு விசித்திரம். ஆனாலும் புதிய அதிகாரத்தால் இந்தச் சிக்கல் தீருமென்று நான் நம்பவில்லை. யாரோ ஒரு மூன்றாமவர் வாசலை மறித்து நிற்கிறார் என்றால் வேல்ஸின் ஆணை நல்ல கருவி. இங்கிலாந்தும் அதை எடுத்துக்கொள்ளலாம். வாசலை மறிப்பவர் அவரேயானால், ஆணையோடு போய் ஒரு நாள் பேசிவிடலாம்; மறுநாள் புண் கேட்கிற கட்டை யார் மாற்றுவது? ஸ்காட்லாந்திலும் சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காவிட்டால், பிறர் அழுத்தத்துக்கு ஆளாகி மறுக்கிறார் என்று நம்ப இடமிருந்தாலொழிய, ஆணை கிடைக்காது. சுற்றிச் சுற்றி வந்தாலும் மனிதரின் சம்மதத்தில்தான் போய் முடிகிறது.

தமிழில் இதைப் படிப்பவர் மனதில் இந்நேரம் எழுந்திருக்கும் கேள்வி, பிள்ளைகள் எங்கே என்பது. இங்கிலாந்துச் சட்டத்தில் மகனுக்கோ மகளுக்கோ, உறவு என்ற ஒரே காரணத்தால், வயதுவந்த தந்தைக்காகச் சம்மதிக்கவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை. திறன் இழந்தவருக்குக்கூட, முன்பே எழுதிப் பதிவுசெய்த அதிகாரப் பத்திரமோ நீதிமன்ற நியமனமோ இருந்தால்தான் உண்டு. அவர்களைக் கலந்துபேச வேண்டும், அவ்வளவே. 'மகள் வேண்டாமென்றார்' என்று செவிலியர் எழுதிவைத்த குறிப்பு அவரைக் காப்பாற்றாது.

கடைசியாக ஓர் ஆட்சேபம், மற்றவற்றைவிட வலுவானது. மறுத்தவரிடம் மறுபடி மறுபடி போவதே ஒரு நச்சரிப்பு, மென்மையான வன்முறை. தவிர, செவிலியருக்கும் உயிர் உண்டு. இரண்டும் உண்மை. நாய், ஊசி, இற்றுப்போன தரைப்பலகை, கசியும் எரிவாயு உள்ள வீட்டுக்குப் போகும் ஊழியரின் பாதுகாப்பை இயன்றவரை உறுதிசெய்வது 1974ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்கு விதித்த கடமை. அந்த நிலையில் இரண்டு பேரை அனுப்புவதும், தீயணைப்புத் துறையிடம் சொல்வதும், கூட்டம் கூட்டித் திட்டம் போடுவதும்தான் வழி. கோப்பை மூடுவது வழியல்ல. நச்சரிப்பைப் பொறுத்தவரை, எப்படிப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதுமுகம், ஒவ்வொருவரும் அதே ஐந்து கேள்வி என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். அதே ஆள் வந்து, கட்டைப் பற்றிப் பேசாமல் வாசலிலேயே பத்து நிமிடம் கால்பந்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனால், நாலாவது முறை உள்ளே கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஒருவர் தாமே முடிவெடுக்க உதவ இயன்ற எல்லா வழியையும் முயல வேண்டும் என்று மனத்திறன் சட்டத்தின் 1ஆம் பிரிவு சொல்வதற்கு நடைமுறையில் பொருள் இதுதான். இதைக் கைப்பேசிச் செயலி பிரித்துக்கொடுக்கிற இருபது நிமிட வருகையில் செய்ய முடியாது.

இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையில் தகுதிபெற்ற டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்கள் 2010ஐ ஒட்டிச் சுமார் 7,000 பேர் இருந்தார்கள். அடுத்த பத்தாண்டில் சுமார் 4,000 ஆகச் சுருங்கிவிட்டார்கள். வலுக்கட்டாயத்தை ஒழித்து, பொறுமையான விசாரணையை அதன் இடத்தில் வைத்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. மீளாய்வுகள் செவிலியரின் குறிப்பில் இல்லாத வரிகளைச் சரியாகவே சுட்டிக்காட்டுகின்றன. எழுதாத வரிக்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த அறிக்கையை எழுதப்போகிறவர்கள் இன்னும் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கி முதல் பக்கத்திலேயே போட வேண்டும்: கோப்பை மூடிய வாரத்தில் அந்தக் குழுவில் எத்தனை செவிலியர் இருந்தார்கள், ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை வீடு.